வாளு நேரத்தில் ஒரு நகரம்: அகமதாபாத்தின் மரபு நடையும் மரபு விருந்தும்

அகமதாபாத்துக்கு வரும் பயணிக்கு அந்நகரம் இன்று இரண்டு வடிவங்களில் வழங்கப்படுகிறது. வழிகாட்டியின் பின்னே பழைய நகரின் சந்துகளில் செல்லும் மரபு நடை ஒன்று. மாலையில் வெண்கலத் தட்டில் கிண்ணம் கிண்ணமாக வந்து நிறையும் ‘பாரம்பரிய குஜராத்தி விருந்து’ மற்றொன்று. பயண நிறுவனங்கள் இவ்விரண்டையும் ஒரே நாளின் இரு பகுதிகளாக இணைத்து விற்கின்றன. வரலாற்று மாணவர்க்கு இவை பொழுதுபோக்கு மட்டுமல்ல. இரண்டு ஆவணங்களும் ஆகும். எந்த ஆவணத்தையும் போலவே இவற்றையும் எவரோ, ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு தேவைக்காகத் தொகுத்திருக்கின்றனர். தொகுத்தவர் எதைச் சேர்த்தார், எதை விட்டார் என்ற வினாவை இவற்றிடமும் எழுப்ப வேண்டும்.

1. பேரரசரின் சுற்றுலா

இந்நகரைச் சுற்றிப் பார்த்து, அதன் உணவை உண்டு, இரண்டையும் பற்றி எழுதி வைத்தவருள் புகழ்பெற்றவர் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர். 1618-இல் அவர் அகமதாபாத்தில் தங்கியிருந்தார். நகரை 1411-இல் நிறுவிய சுல்தான் அகமது ஷா கட்டுவித்த ஜாமா மசூதியைப் பார்வையிட்டு அதன் அளவுகளைத் தம் நினைவுக் குறிப்பில் பதிந்தார். ஆனால் கோடையும் காய்ச்சலும் அவரையும் அவர் பரிவாரத்தையும் வாட்டின. இந்த மணல் நிலத்தில் எந்த அழகைக் கண்டு நகரை நிறுவினார்களோ என்று வியந்து, அதற்குப் புழுதி நகரம், நோயில்லம், நரக நகரம் என்னும் பொருள்படும் வசைப்பெயர்களை அடுக்கினார்.

அதே நூலில் வேறொரு குறிப்பும் உண்டு. குஜராத் மக்களுக்கே உரிய உணவு என்று கம்பும் பருப்பும் சேர்த்து வேகவைத்த கிச்சடியை அவர் குறிப்பிடுகிறார். அதைச் சமைக்கச் சொல்லி உண்டு, தமக்கு ஒத்துக்கொண்டதாகவும் எழுதுகிறார். புலால் தவிர்க்கும் நாள்களில் அதையே அடிக்கடி கொண்டுவருமாறும் ஆணையிட்டார். நகரை வைத பேரரசர் கிச்சடியை ஏற்றுக்கொண்டார். இதில் கவனிக்க வேண்டியது, அவர் உண்டது விருந்துப் பண்டம் அன்று என்பதே. அது உழவர் வீட்டு அடுப்பில் அன்றாடம் வெந்த உணவு. ‘வட்டார உணவு’ என்று 1618-இல் ஓர் அயலாருக்குத் தோன்றியதும் இன்று அப்பெயரில் பரிமாறப்படுவதும் எத்துணை வேறானவை என்பது பின்னர்த் தெளிவாகும்.

2. கல்லைக் கண்ட நூற்றாண்டு

ஆங்கிலேயர் காலத்தில் நகரைக் காட்டும் முறை மாறியது. 1866-இல் வெளிவந்த அகமதாபாத்தின் கட்டடக்கலை பற்றிய பெருநூலில் பிக்ஸ் எடுத்த ஒளிப்படங்களும், தியோடர் ஹோப் எழுதிய வரலாறும், ஜேம்ஸ் பெர்குசனின் கட்டடக்கலைக் குறிப்புகளும் இடம்பெற்றன. அந்நூலின் கண் பெரிதும் கல்லையே கண்டது. மசூதிகள், கல்லறைகள், வாயில்கள், படிக்கிணறுகள் ஆகியவை படமாயின. மக்கள் வாழ்ந்த மரவீடுகள் கட்டடக்கலையாகக் கருதப்படவில்லை. சுல்தான்கள் கட்டியதே வரலாறு. அதன் பிறகு வந்தவை சரிவு என்னும் காலனியப் பார்வைக்கு இத்தேர்வு பொருத்தமாக இருந்தது. பின்வந்த பயணக் கையேடுகளும் கல்லையே முன்னிறுத்தின.

இதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே உள்ளூரார் ஒருவர் வேறு விதமாக நகரை எழுதியிருந்தார். 1851-இல் மகன்லால் வகத்சந்த் குஜராத்தி மொழியில் அகமதாபாத்தின் வரலாற்றை வெளியிட்டார். 1848-இல் அலெக்சாண்டர் போர்ப்ஸ் நிறுவிய குஜராத் வட்டாரமொழிச் சங்கத்தின் சூழலில் பிறந்த நூல் அது. அவருக்கு நகரம் என்பது நினைவுச்சின்னங்களின் பட்டியல் அன்று. குடியிருப்புகள், கடைத்தெருக்கள், வழக்கங்கள் ஆகியவற்றின் தொகுப்பு. ஒரே நகரம், பதினைந்தாண்டு இடைவெளி, இருவேறு பார்வைகள். ஒருவர் வாசலுக்கு வெளியே நின்று பார்த்தார். மற்றவர் வாசலுக்கு உள்ளேயிருந்து பார்த்தார்.

3. 1997: கல்லிலிருந்து மரத்துக்கு

1997 நவம்பர் 19 அன்று, உலக மரபு வாரத்தின் தொடக்க நாளில், அகமதாபாத் மாநகராட்சி தன் மரபு நடையைத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டில் மரபுக்கெனத் தனிப் பிரிவு ஒன்றையும் அது நிறுவியிருந்தது. நடையை வடிவமைத்ததில் கொல்கத்தாவைச் சேர்ந்த ‘க்ருதா’ அறக்கட்டளைக்கும் அதன் கட்டடக்கலைஞர் தேபாஷிஷ் நாயக்குக்கும் பெரும் பங்கு உண்டு. காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் தொடங்கி ஜாமா மசூதியில் முடியும் இப்பாதை ‘மந்திரிலிருந்து மசூதிக்கு’ என்றே பெயர் பெற்றது.

இப்பாதையின் தொடக்கமும் முடிவும் பொருள் பொதிந்தவை. சுவாமிநாராயண் கோயில் 1822-இல், ஆங்கில ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் எழுந்தது. ஜாமா மசூதி 1424-இல் முடிக்கப்பட்டது. ஆக, நடப்பவர் பிற்காலத்தில் தொடங்கி முற்காலத்தை நோக்கிப் பின்னோக்கி நடக்கிறார். இடையில் லம்பேஷ்வர் போளில் கவிஞர் தல்பத்ராமின் நினைவிடம், ஹாஜா படேல் போளில் காலா ராம்ஜி கோயில், சமணக் கோயில்கள், ஹர்குன்வர் சேட்டாணியின் மாளிகை, மாணிக் சௌக், அகமது ஷாவின் கல்லறை, அரசியர் கல்லறை ஆகியவை வருகின்றன. அரசியர் கல்லறையைச் சுற்றிப் பெண்களுக்கான துணிக்கடைகள் மொய்த்து நிற்கின்றன. பெர்குசன் காணாத மரமும் சந்தும் இந்நடையில் மையம் பெற்றன. ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்த பார்வையை இந்நடை திருத்தியது என்பதே அதன் உண்மையான சாதனை.

ஏன் 1997? 1861-இல் ரண்சோட்லால் சோட்டாலால் தொடங்கிய முதல் பருத்தி ஆலையிலிருந்து நகரின் பெருமை நூலில் நின்றது. 1980-களிலும் 1990-களிலும் ஆலைகள் அடுத்தடுத்து மூடின. புகைபோக்கிகளால் அடையாளம் பெற்ற நகரம் புதிய அடையாளத்தைத் தேட வேண்டியிருந்தது. மதில் சூழ்ந்த பழைய நகரிலிருந்து செல்வர் சபர்மதியின் மேற்குக் கரைக்குப் பெயர்ந்து பல தலைமுறைகள் ஆகியிருந்தன. 1969, 1985 ஆண்டுகளின் கலவரங்கள் அப்பெயர்வை விரைவுபடுத்தின. கைவிடப்பட்ட வீடுகள் கிடங்குகளாயின. செதுக்குத் தூண்களும் தாங்கு பலகைகளும் பழம்பொருள் வணிகரிடம் சென்றன. ‘மரபு’ என்னும் சொல் இந்த இடத்தில்தான் நகராட்சிக் கோப்புகளுக்குள் நுழைந்தது. ஒரு பொருள் பயன்பாட்டிலிருந்து வெளியேறும்போதே பெரும்பாலும் அது மரபாகிறது.

4. வீட்டின் அடியில் நீர்

நடை காட்டும் போள் வீட்டின் அமைப்பை அறியாமல் விருந்தைப் புரிந்துகொள்ள இயலாது. ‘போள்’ என்பது வாயிலைக் குறிக்கும் ‘ப்ரதோலி’ என்னும் வடசொல்லிலிருந்து வந்தது. ஒற்றை வாயிலும், உள்ளே கிளைக்கும் சந்துகளும், பொதுக் கிணறும், கோயிலும், பறவைகளுக்குத் தீனியிடும் ‘சபூதரோ’ என்னும் தூணும் கொண்ட குடியிருப்பு அது. பெரும்பாலும் ஒரு சாதியினரோ ஒரு தொழிலினரோ சேர்ந்து வாழ்ந்தனர். வீட்டை எவருக்கு விற்கலாம் என்பதையும் போளின் பஞ்சாயத்தே கட்டுப்படுத்தியது. அது பாதுகாப்பாகவும் இருந்தது, விலக்கலாகவும் இருந்தது.

வீட்டின் முன் ‘ஓட்லோ’ எனும் திண்ணை. உள்ளே வானம் நோக்கித் திறந்த முற்றம். முற்றத்தின் அடியில் ‘டாங்கா’ என்னும் நிலத்தடி நீர்த்தொட்டி. முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, கூரை கழுவப்பட்டபின் வரும் நீரைக் குழாய் வழியே தொட்டியில் சேர்ப்பர். சுண்ணச்சாந்து பூசிய சுவர், வெயில் படாத இருள், மூடிய வாய் ஆகியவற்றால் அந்நீர் அடுத்த மழைவரை கெடாமல் இருந்தது. குஜராத்தின் பல பகுதிகளில் கிணற்று நீர் உவர்ப்பும் கடினமும் உடையது. கடின நீரில் துவரம்பருப்பு எளிதில் குழைவதில்லை. மழைநீரிலோ விரைவில் வெந்து கரைகிறது. ஆகவே டாங்கா குடிநீருக்கு மட்டுமன்றிச் சமையலுக்கும் அடித்தளம். நீராகக் கரைந்து ஓடும் குஜராத்தி தாலின் பின்னே ஒரு கட்டட நுட்பம் இருக்கிறது. புழுதி நகரம் என்று ஜஹாங்கீர் வைத ஊரார் கண்ட விடை, இந்த முற்றமும் இந்தத் தொட்டியுமே. 1890-களின் தொடக்கத்தில் ரண்சோட்லாலின் முயற்சியால் குழாய்நீர் வந்தபின் டாங்காக்கள் மெல்ல மெல்ல மறக்கப்பட்டன. இன்று வழிகாட்டி அதன் மூடியைத் திறந்து காட்டும்போது, நடை அடுக்களைக்குள் நுழைகிறது.

5. விருந்தின் பிறப்பு

1978-இல் நகரின் தென்மேற்கு விளிம்பில் சுரேந்திர படேல் ‘விஷாலா’ என்னும் உணவகத்தைத் தொடங்கினார். மண்சுவர், சாணம் மெழுகிய தரை, அரிக்கேன் விளக்கு, சம்மணமிட்டு உண்ணும் பலகை, இலைத்தட்டு என ஒரு சிற்றூர் அங்கே புதிதாகக் கட்டப்பட்டது. 1981-இல் அதனுடன் ‘வேச்சார்’ என்னும் பாத்திர அருங்காட்சியகமும் சேர்ந்தது. எவர்சில்வர் வரவால் வீடுதோறும் பித்தளையும் செம்பும் எடைக்குப் போடப்பட்டு உருக்கப்பட்ட காலம் அது. உருகவிருந்த குடங்களையும் அண்டாக்களையும் பாக்குவெட்டிகளையும் ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்த செயல் மதிக்கத்தக்கது. ஆனால் இணைப்பைக் கவனிக்க: வீட்டுப் பெண்டிர் விளக்கித் தேய்க்கும் உழைப்பிலிருந்து விடுபட எதைக் கைவிட்டனரோ, அதுவே உணவகத்தில் மரபின் அடையாளமாக மறுபிறப்பு எடுத்தது.

பழைய நகருக்குள் வேறொரு வடிவம் உருவானது. சிதி சையத் மசூதிக்கு எதிரே 1924-இல் ஆலை அதிபர் மங்கள்தாஸ் கிர்தர்தாஸ் கட்டிய மாளிகை பின்னாளில் மரபு விடுதியாயிற்று. அதன் மாடி உணவகத்துக்கு ‘அகாஷியே’ என்று பெயர்; ‘அகாசி’ என்றால் மொட்டைமாடி. விஷாலா சிற்றூரின் எளிமையைப் பரிமாறியது; இம்மாடி வணிகப் பிரபுவின் விருந்தோம்பலைப் பரிமாறியது. இரண்டும் ‘பாரம்பரியம்’ என்னும் ஒரே சொல்லைத் தாங்கின.

தட்டில் வருவன: டோக்ளா, காண்ட்வி போன்ற ‘ஃபர்சாண்’ வகைகள், காய்கறி, பயறு, வெல்லம் சேர்ந்த தால், கடி, மெல்லிய ரோட்லி, பூரி, ஊறுகாய், ஸ்ரீகண்ட், மோர், இறுதியில் கிச்சடி. இவற்றில் மிளகாயும் உருளைக்கிழங்கும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. இன்று குஜராத்திச் சமையலின் உயிராகிய கடலை எண்ணெயின் மூலமான நிலக்கடலையும் அவ்வாறே. ஜஹாங்கீர் உண்ட கிச்சடியோடு இவற்றில் பல சேர்ந்திருக்க வாய்ப்பில்லை.

பண்டங்களைவிட நேரமே பெரிய முரண். சமண இல்லங்களின் நெறிப்படி கதிரவன் மறைவதற்கு முன்பே உண்டு முடிக்க வேண்டும். மண்ணுக்கு அடியில் விளையும் கிழங்குகளும் விலக்கு. போள்களின் செல்வக் குடிகளில் கணிசமானோர் சமணர். பிற குஜராத்தி வீடுகளிலும் ‘வாளு’ எனப்படும் இரவுணவு எளியது: கிச்சடியும் கடியும், அல்லது பாக்ரி ரொட்டியும் ஒரு காயும். கிண்ணங்கள் நிறைந்த முழுத் தட்டு பகல் உணவுக்கும் விழாவுக்கும் மணவீட்டுக்கும் உரியது. ஆகவே விளக்கொளியில் இரவு எட்டு மணிக்கு மேல் இருபது பண்டங்களுடன் தொடங்கும் ‘பாரம்பரிய இரவு விருந்து’, அது போற்றுவதாகச் சொல்லும் மரபின் கடிகாரத்துக்கே மாறானது. பயணியின் நாள் பகலில் பார்த்து இரவில் உண்பதாக அமைந்திருக்கிறது. மரபு அந்த அட்டவணைக்கு இசைந்து கொடுத்தது. அந்தத் தட்டில் உண்மையிலேயே வாளுவுக்கு உரியது, எல்லாம் முடிந்து வயிறு நிறைந்தபின் கேட்டால் மட்டும் வரும் கிச்சடி ஒன்றே.

6. நடை திரும்பாத தெருக்கள்

விடுபட்டவை இனி. மூன்று வாயில்கள் என்னும் தீன் தர்வாசாவுக்கு அருகில் பட்டியார் கலி இருக்கிறது. ‘பட்டியாரா’ என்பது பயணியர்க்குச் சமைத்துப் போட்டவரைக் குறிக்கும் சொல். பயணிக்கு உணவளித்தலே அத்தெருவின் தொழில் என்று பெயரே சாற்றுகிறது. அங்கே இறைச்சியும் கபாபும் சமைக்கும் அடுப்புகள் இன்றும் எரிகின்றன. ஜாமா மசூதியில் முடியும் நடையிலிருந்து சில நிமிடத் தொலைவுதான். ஆயினும் ‘பாரம்பரிய குஜராத்தி விருந்து’ என்னும் தொடருக்குள் அத்தெரு வருவதில்லை. இந்தியப் பதிவாளர் அலுவலகத்தின் 2014 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, குஜராத்தில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் புலால் உண்போர். ஒரு வணிகக் குடியின் தட்டு முழு மாநிலத்தின் தட்டாக நிறுவப்பட்டிருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. மரபு நடை மசூதியையும் தன் நகரம் என்கிறது. மரபு விருந்தோ மசூதியைச் சூழ்ந்த அடுப்புகளைத் தன் உணவாக ஏற்பதில்லை. நடைக்கும் விருந்துக்கும் இடையிலான இந்த இடைவெளியே இங்கு முதன்மையான வரலாற்றுச் செய்தி.

மற்றொரு திசை கிழக்கு. மதிலுக்கு வெளியே ஆலைகளும், அவற்றைச் சூழ்ந்து தொழிலாளர் வாழ்ந்த சால்களும் பரந்திருந்தன. 1918-இல் காந்தி தலைமையேற்ற ஆலைத் தொழிலாளர் போராட்டமும், 1920-இல் பிறந்த மஜூர் மகாஜன் சங்கமும் இந்நிலத்துக்கு உரியவை. இங்கே பிழைப்புத் தேடி வந்தோரில் தமிழரும் இருந்தனர். மணிநகர் வட்டாரத்தில் தமிழ்வழிப் பள்ளி இயங்கும் அளவுக்கு அவர்கள் எண்ணிக்கை இருந்தது. மாணவர் குறைவு காரணமாக 2020-இல் அப்பள்ளி மூடப்பட்டபோது, தமிழக முதல்வர் குஜராத் முதல்வருக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு அது செய்தியாயிற்று. மாளிகை கட்டிய ஆலை அதிபரின் மாடியில் பயணி உண்கிறார். அம்மாளிகைக்குப் பொருள் ஈட்டித் தந்த தறியருகே நின்றவர் இடைவேளையில் எதை உண்டார் என்ற வினாவுக்கு அத்தட்டில் விடை இல்லை.

7. பட்டயத்துக்குப் பின்

2017 ஜூலையில் யுனெஸ்கோ அகமதாபாத்தின் பழைய நகரை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் ஒரு நகரம் அவ்வாறு சேர்க்கப்பட்டது அதுவே முதன்முறை. அப்பெருமை பழைய சிக்கல்களைத் தீர்க்கவில்லை. ஒரு வீட்டுக்குப் பல வாரிசுகள். 1947-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் நிழலில் உறைந்த வாடகை. தேக்கு மரத்தைச் செப்பனிடும் செலவு. வீட்டைக் காப்போர்க்கு, பயன்படுத்தாத கட்டட உரிமையை வேறிடத்தில் விற்கும் வாய்ப்பை மாநகராட்சி தந்திருக்கிறது. அதேவேளை, ‘கலவரப் பகுதி’ என அறிவிக்கப்பட்ட இடங்களில் சொத்து கைமாற மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்று 1991-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. முன்பு போளின் பஞ்சாயத்து செய்ததை இன்று வேறொரு வகையில் அரசு செய்கிறது. கோயிலிலிருந்து மசூதிவரை இரண்டரை மணி நேரத்தில் பயணி நடந்துவிடலாம். அதே பாதையில் ஒரு குடும்பம் வீடு மாறுவது அத்துணை எளிதன்று.

இவற்றால் நடையும் விருந்தும் பயனற்றவை என்பது பெறப்படாது. நடை இல்லையேல் பல போள்கள் கவனிப்பாரின்றி இடிந்திருக்கும். அருங்காட்சியகம் இல்லையேல் பல பாத்திரங்கள் உருகியிருக்கும். மரபைத் தொகுத்தோர் உண்மையிலேயே எதையோ காத்தனர். ஆயினும் காக்கப்பட்டது தொகுத்தோரின் தேர்வே அன்றி முழு நகரம் அன்று. 1866-இன் நூல் வீடுகளைக் காணவில்லை என்பதை நாம் இன்று எளிதில் சொல்லிவிடுகிறோம், 1997-இன் நடை அக்குறையைத் திருத்திவிட்டதால். இன்றைய விருந்து எதைக் காணவில்லை என்பதையும் அதே தெளிவுடன் சொல்ல வேண்டியது அடுத்த தலைமுறை ஆய்வாளரின் பொறுப்பு.

நகர வரலாறு பயிலும் மாணவர் தம் ஊரின் மரபு நடையை ஆராயப் புகும்போது மூன்று வினாக்கள் துணைநிற்கும். பாதை எங்கே தொடங்குகிறது, எந்தத் திருப்பத்தில் திரும்ப மறுக்கிறது? பரிமாறப்படும் உணவு எந்த வீட்டின், எந்த வேளையின் உணவு? காட்டப்படும் வீட்டில் இன்றிரவு எவர் உறங்குகிறார்? அகமதாபாத்தைப் பொறுத்தவரை முதல் இரண்டு வினாக்களுக்குத் தெருவும் தட்டும் விடை தருகின்றன. மூன்றாவது வினாவுக்குப் பல போள்களில் பூட்டிய கதவே விடை.